கட்டுவது ஒரு தொழில், வைத்திருப்பது வேறு தொழில்: டிஷ்மன் குடும்பத்தின் கதை

1978ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு குடும்பம் நன்றாக நடந்துகொண்டிருந்த தன் கம்பெனியைத் தானே கலைத்தது. திவால் ஆகவில்லை. அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகவில்லை. எண்பது வருடம் பழமையான டிஷ்மன் ரியால்ட்டி அண்ட் கன்ஸ்ட்ரக்ஷன் என்ற அந்தக் கம்பெனி, பங்குதாரர்களின் ஒப்புதலோடு, கையில் இருந்த கட்டிடங்களை விற்றுப் பணத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தது. மிஞ்சிய வேலைகளை மூன்று உறவினர்கள் மூன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். கட்டுவது ஒருவருக்கு, மனை வாங்கிக் கட்டிடம் எழுப்பும் முதலீட்டு வேலை ஒருவருக்கு, வாடகைக்கு விட்டுப் பராமரிப்பது ஒருவருக்கு.

குடும்பத் தொழில் உடைந்தது என்றால் சண்டையைத்தான் நாம் முதலில் தேடுவோம். இங்கே கணக்கைத் தேட வேண்டும். ஒரே பலகையின் கீழ் இந்தக் குடும்பம் மூன்று தொழில்களை நடத்தியது. மூன்றிலும் பணம் வரும் வேகம் வேறு, ஆபத்து வேறு. அது புரிய எண்பது வருடம் ஆயிற்று.

ஆரம்பம் சாதாரணமானது. ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த போலந்துப் பகுதியிலிருந்து 1885இல் அமெரிக்காவுக்கு வந்த யூதர் ஜூலியஸ் டிஷ்மன். நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க் ஊரில் கடை வைத்திருந்தார். 1898இல் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் அடுக்கு வீடுகள் கட்ட ஆரம்பித்தார். அன்றைக்கு அந்தப் பகுதியில் கப்பலில் வந்து இறங்கும் குடும்பங்களுக்கு இடம் போதவில்லை. இருபத்தைந்து அடி அகலம், நூறு அடி நீளம் கொண்ட மனையில் ஐந்தாறு மாடி ஏற்றி, அறை அறையாக வாடகைக்கு விடுவதுதான் வழக்கம். பழைய கட்டிடங்களில் உள் அறைகளுக்குச் சன்னல் இருக்காது. கழிவறை கொல்லையில். 1901இல் வந்த புதிய வீட்டுச் சட்டம் ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சம், பெரிய முற்றம், வீட்டுக்குள்ளேயே கழிவறை எல்லாம் வேண்டும் என்றது. சிறிய மனையில் இது கட்டுப்படியாகாது. அகலமான மனை வாங்கும் சக்தி உள்ளவர்கள்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்ற நிலை வந்தது. ஜூலியஸ் தாக்குப்பிடித்தவர்களில் ஒருவர்.

ஜூலியஸுக்கு ஐந்து மகன்கள்: டேவிட், லூயி, பால், நார்மன், அலெக்சாண்டர். கம்பெனியின் பெயரே 'ஜூலியஸ் டிஷ்மன் அண்ட் சன்ஸ்' ஆனது. ஊர் வடக்கே நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். 1920களில் பார்க் அவென்யூவில் பணக்காரர்களுக்கான பெரிய அடுக்கு மாளிகைகள் கட்டும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

மற்ற பில்டர்களிடமிருந்து இவர்கள் வேறுபட்டது ஒரு விஷயத்தில். பலர் கட்டினார்கள், விற்றார்கள், அடுத்த மனைக்குப் போனார்கள். டிஷ்மன்கள் தாங்களே மனை வாங்கி, தாங்களே கட்டி, தாங்களே வைத்துக்கொண்டு வாடகை வாங்கினார்கள். வெளி கான்ட்ராக்டர் கிடையாது. இதில் ஒரு நல்லது உண்டு. பத்து வருடம் கழித்து எந்தக் குழாய் ஒழுகும், எந்த லிஃப்ட் அடிக்கடி நிற்கும் என்பது கட்டியவன் தலையிலேயே விடியும். ஆகவே அடுத்த கட்டிடத்தில் அந்தக் குழாயை அவன் அப்படி வைக்க மாட்டான். விற்றுவிட்டுப் போகிறவனுக்கு இந்தப் பாடம் கிடைக்கவே கிடைக்காது. என்னைக் கேட்டால், இந்தக் குடும்பம் பின்னால் கட்டுமானத்தில் பெயர் எடுத்ததற்கு அஸ்திவாரம் இந்த வாடகைக் காலம்தான்.

கெட்டதும் உண்டு. கட்டிடத்தை விற்காமல் வைத்துக்கொண்டால் பணம் அதிலேயே முடங்கிவிடும். அடுத்த கட்டிடத்துக்குக் கடன் வாங்க வேண்டும். 1928இல் கம்பெனி டிஷ்மன் ரியால்ட்டி அண்ட் கன்ஸ்ட்ரக்ஷன் என்ற பெயரில் பங்குச் சந்தைக்குப் போனதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ஐந்து மகன்கள் குடும்பத்தில் சொத்தைப் பிரித்துக் கொடுக்கவும் பங்குப் பத்திரம் வசதி. சந்தைக்குப் போன மறு வருடமே வால் ஸ்ட்ரீட் சரிந்தது. பெருமந்தத்தில் வாடகை விழுந்தது, கடன் விழவில்லை. நியூயார்க்கில் ரியல் எஸ்டேட் செய்த எல்லாரையும் போல டிஷ்மன்களும் அந்தப் பத்து வருடத்தில் அடி வாங்கினார்கள். கம்பெனி பிழைத்தது.

போர் முடிந்ததும் அவர்கள் செய்த பந்தயம் பெரியது. அதுவரை பார்க் அவென்யூவின் அந்தப் பகுதி வீடுகளின் தெரு. அங்கே 1947இல் 445 பார்க் அவென்யூ என்ற அலுவலகக் கட்டிடத்தை எழுப்பினார்கள். முழுக்க ஏர்கண்டிஷன் செய்யப்பட்டது. போருக்குப் பின் நகரில் எழுந்த முதல் அலுவலகக் கட்டிடங்களில் அதுவும் ஒன்று. பின்னால் அந்தத் தெருவே அலுவலகத் தெருவாக மாறிப்போனது.

1954இல் 99 பார்க் அவென்யூ. அதன் வெளிச்சுவர் செங்கல் இல்லை, தொழிற்சாலையில் அச்சடித்து வந்த அலுமினியத் தகடுகள். கொத்தனார்கள் மாதக்கணக்கில் சாரம் கட்டி அடுக்க வேண்டிய சுவரை ஒரு வாரத்துக்குள் மாட்டி முடித்தார்கள். நியூயார்க் போன்ற ஊரில் இது அழகுக்காகச் செய்ததில்லை. ஒரு மாதம் முன்னதாகக் குடியேற்றினால் ஒரு மாத வாடகை கூடுதல், கடன் வட்டி ஒரு மாதம் குறைச்சல். கட்டுகிறவனும் சொந்தக்காரனும் ஒரே ஆள் என்பதால் இந்தக் கணக்கு உடனே உறைத்தது. 1957இல் ஐந்தாவது அவென்யூவில் 666ஆம் எண் கட்டிடம், அதுவும் அலுமினிய உடுப்பில்தான். உச்சியில் 666 என்று எண் ஒளிர, ஊரார் அதை டிஷ்மன் பில்டிங் என்றே அழைத்தார்கள்.

இந்தக் காலத்தில்தான் மூன்றாம் தலைமுறை உள்ளே வந்தது. டேவிட்டின் மகன்கள் ராபர்ட்டும் ஆலனும். 1962இல் ராபர்ட் தலைவரானார். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தவர் லூயியின் மகன் ஜான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்து, கடற்படையில் இருந்துவிட்டு, கொஞ்ச காலம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபின் 1947இல் கம்பெனியில் சேர்ந்தார். ராபர்ட்டின் மகளை மணந்த ஜெர்ரி ஸ்பையர் 1966இல் வந்தார். சித்தப்பா பால் அதற்கு முன்பே தனிக் கம்பெனி வைத்துப் போய்விட்டார். அவர் சேர்த்த ஆப்பிரிக்கக் கலைப் பொருட்களை 1984இல் டிஸ்னி கம்பெனி வாங்கியது. 2005இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. இடையில் ஒரு வேடிக்கை: டிஸ்னியின் எப்காட் பூங்காவைக் கட்டியது பாலின் அண்ணன் மகன் ஜான்.

ஜானைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பம் கட்டுமான உலகத்துக்குக் கொடுத்த முக்கியமான விஷயம் அவர் வழியாகவே வந்தது.

பழைய முறை இப்படி. சொந்தக்காரர் கட்டிடக் கலைஞரை வைத்து வரைபடம் முழுவதையும் முடிப்பார். பிறகு டெண்டர். குறைந்த தொகை சொன்ன கான்ட்ராக்டருக்கு வேலை. மொத்தத் தொகை ஒப்பந்தம் என்பதால், செலவில் மிச்சம் பிடிப்பதெல்லாம் அவர் லாபம். ஆக, சிமென்ட்டில் பிடித்தாலும் கம்பியில் பிடித்தாலும் அவருக்குத்தான். வரைபடத்தில் ஒரு கோடு மாறினால் 'எக்ஸ்ட்ரா' என்று பில் வரும். முதல் நாளிலிருந்தே சொந்தக்காரரும் கான்ட்ராக்டரும் எதிர் எதிர்க் கட்சி. நம் ஊரில் வீடு கட்டிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

டிஷ்மன்கள் தங்கள் கட்டிடத்தைத் தாங்களே கட்டியவர்கள். அவர்களிடம் இந்த எதிர்க் கட்சி இல்லை. வரைபடம் போடும்போதே கட்டுகிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தூணை இரண்டடி நகர்த்தினால் இவ்வளவு மிச்சம், இந்தச் சுவரைத் தொழிற்சாலையில் செய்தால் இத்தனை நாள் மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். வெளியாட்களுக்கும் இதையே ஒரு சேவையாகக் கொடுத்து, டாக்டர் போல, வக்கீல் போலக் கட்டணம் வாங்கினால் என்ன? சொந்தக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து, வேலையைச் சிறு சிறு ஒப்பந்தங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை கேட்டு, எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது. செலவு எவ்வளவோ அதைச் சொந்தக்காரர் கொடுப்பார், டிஷ்மனுக்குக் கட்டணம் மட்டும். கட்டுமான மேலாண்மை என்று இன்று உலகம் முழுவதும் பெரிய வேலைகளில் நடப்பது இதுதான். இதை முதலில் செய்தவர் ஜான் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். இத்தனை உயரமான கட்டிடங்களில் செய்து காட்டி நிலைநிறுத்தியவர்களில் அவர் முன்னணியில் இருந்தார்.

எதற்காக இந்த முறை குடும்பத்துக்கு லாபம் என்பதைச் சிகாகோவின் ஜான் ஹேன்காக் சென்டர் நன்றாகக் காட்டும். நூறு மாடி. டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் வடிவமைத்த, வெளியே குறுக்குச் சட்டங்கள் தெரியும் கோபுரம். கட்டும் பொறுப்பு டிஷ்மனிடம், சொந்தக்காரர் ஜெர்ரி வோல்மன் என்பவர். 1966இல் இரும்புச் சட்டம் மேலே ஏறத் தொடங்கியபோது ஒரு தூண் லேசாகக் கீழே இறங்கியிருப்பது தெரிந்தது. தோண்டிப் பார்த்தால், பாறை வரை இறக்கிய கான்கிரீட் அஸ்திவாரத் தூண் ஒன்றில் கோளாறு. எல்லாவற்றையும் சோதித்துச் சரி செய்ய மாதக்கணக்கில் வேலை நின்றது. நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். வோல்மன் நொடித்துப்போனார், இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டிடத்தை ஏற்றுக்கொண்டது. டிஷ்மன் கட்டி முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனது. அந்தக் கட்டிடம் டிஷ்மனின் சொத்தாக இருந்திருந்தால் நொடித்தவர் யாராக இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வேலை, நியூயார்க்கின் உலக வர்த்தக மையம். துறைமுக ஆணையத்தின் திட்டம். 110 மாடி வீதம் இரண்டு கோபுரங்கள், ஒவ்வொரு மாடியும் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். இரும்பு வேலைக்கு நாட்டின் இரண்டு பெரிய எஃகுக் கம்பெனிகள் கேட்ட விலை மதிப்பீட்டைத் தாண்டிப் போனது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து பத்துக்கும் மேற்பட்ட சிறிய கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். ஒரு ஊரில் வெளிச்சுவர்ப் பலகம், இன்னொரு ஊரில் தரைச் சட்டம் என்று செய்து, ரயிலிலும் படகிலும் வந்து, எந்தத் துண்டு எந்த மணிக்கு எந்த மாடிக்கு ஏற வேண்டும் என்று அட்டவணை போட்டு ஏற்றினார்கள். லிஃப்ட் குழிகளைச் சுற்றி வழக்கமான செங்கல் சுவருக்குப் பதிலாக எடை குறைந்த ஜிப்சம் பலகை வைத்தார்கள். அந்த உயரத்துக்குச் செங்கல் சுமப்பது எடை, நேரம் இரண்டிலும் கட்டுப்படியாகாது. இந்தப் பலகை முறை பிறகு உலகமெங்கும் உயர் கட்டிடங்களில் வழக்கமானது. 2001 செப்டம்பருக்குப் பிறகு அதே பலகைகளின் உறுதி பற்றிக் கேள்வி எழுந்ததும் உண்மை.

1970இன் இறுதியில் குடியேற்றம் தொடங்கி, 1973 ஏப்ரலில் கோபுரங்கள் திறக்கப்பட்டன. கட்டுமானப் பிரிவு உலகப் புகழின் உச்சியில். அதே சமயம், அதே கம்பெனியின் மற்றொரு பிரிவு மூழ்கிக்கொண்டிருந்தது.

நியூயார்க்கில் 1970களின் தொடக்கத்தில் அலுவலக இடம் தேவைக்கு மேல் கட்டப்பட்டுவிட்டது. உலக வர்த்தக மையமே அந்தக் குவியலில் ஒரு பெரிய பங்கு. ஒரு கையால் கட்டணம் வாங்கிக்கொண்டு டிஷ்மன் எழுப்பிய கோபுரங்கள், மறு கையில் டிஷ்மன் வாடகைக்கு வைத்திருந்த கட்டிடங்களுக்கே போட்டியாக நின்றன என்று சொன்னால் தவறில்லை. 1974இல் ஆறாவது அவென்யூவில் கட்டி முடிந்த 1166ஆம் எண் கட்டிடம், நாற்பதுக்கும் மேற்பட்ட மாடிகள், ஆள் வராமல் காலியாக நின்றது. வட்டி மட்டும் ஓடியது. கடைசியில் டிஷ்மன் நஷ்டத்தோடு கையைக் கழுவ வேண்டியிருந்தது. 1975இல் நகராட்சியே திவாலின் விளிம்புக்குப் போனது.

ஆனால் இந்த ஒரு அடியால் மட்டும் கம்பெனியைக் கலைக்கவில்லை. ஆழமான காரணம் பங்குச் சந்தைக் கணக்கில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன உதாரணம். நூறு ரூபாய்க்கு ஒரு கட்டிடம் கட்டுகிறீர்கள். கணக்கேட்டில் வருடத்துக்கு இரண்டரை ரூபாய் தேய்மானம் எழுதுகிறீர்கள். நாற்பது வருடத்தில் ஏட்டில் மதிப்பு பூஜ்யம். வாடகை வருமானத்தில் இந்தத் தேய்மானத்தைக் கழிப்பதால் லாபம் குறைவாகத் தெரியும், வரியும் குறையும். தனிக் குடும்பத்துக்கு இது வரம்: பணம் பையில், லாபம் ஏட்டில் இல்லை. நிஜத்திலோ நடு நகரத்தில் இருக்கும் கட்டிடம் இருநூறு ரூபாய்க்குப் போகும். சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிக்கு இதே விஷயம் சாபம். பங்கு வாங்குகிறவர்கள் ஏட்டில் தெரியும் லாபத்தை வைத்துத்தான் விலை போடுவார்கள். லாபம் குறைவு, ஆகவே பங்கு விலை குறைவு. கையில் உள்ள கட்டிடங்களை விற்றால் வரும் பணத்தை விட மொத்தப் பங்குகளின் விலை மிகக் குறைவாக நிற்கும். இதை வைத்து, வெளியாள் ஒருவர் பங்குகளை மலிவாக வாரி எடுத்துக் கட்டிடங்களை விற்றே லாபம் பார்க்கலாம் என்ற பயமும் இருந்தது.

கட்டுமானப் பிரிவின் நிலை இன்னும் வேடிக்கை. அதன் வருமானம் ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் வறளும். நிலையான வாடகை எதிர்பார்க்கும் முதலீட்டாளருக்கு அது பிடிக்காது. வேகமாக வளரும் கம்பெனியை எதிர்பார்ப்பவருக்கு வாடகைக் கட்டிடங்கள் பிடிக்காது. ஒன்றை ஒன்று இழுத்தன.

அந்தக் காலத்து அமெரிக்க வரிச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. முழுமையாகக் கலைப்பது என்று தீர்மானம் போட்டு, பன்னிரண்டு மாதத்துக்குள் சொத்துகளை விற்றுப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட்டால், பெரும்பாலும் கம்பெனி அளவில் விற்பனை லாபத்துக்கு வரி கிடையாது. பங்குதாரர் தன் பங்குக்கு மட்டும் மூலதன ஆதாய வரி கட்டினால் போதும். இரண்டு முறை வரி ஒரு முறையானது. (1986இல் இந்த வாசலை மூடிவிட்டார்கள்.) ஆக, நடத்திக்கொண்டிருப்பதை விடக் கலைப்பதே எல்லாப் பங்குதாரர்களுக்கும் லாபம். முழுக் கம்பெனியும் குடும்பத்தின் கையில் இருந்திருந்தால் இந்தப் பிரிவினை ஒருவேளை நடந்தே இருக்காது என்பது என் கணிப்பு. வெளிப் பங்குதாரர்கள் இருந்ததால்தான் கணக்கு பேசியது.

கட்டிடங்கள் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போயின. ஆலன் நிர்வாகம், குத்தகை வேலைகளை எடுத்துக்கொண்டார். அந்தப் பிரிவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆபத்து குறைவு, வருமானமும் அளவானது. வாடகை வசூல், காவலாளி, லிஃப்ட் பராமரிப்பு, காலி மாடிக்கு ஆள் பிடிப்பது. இவற்றுக்கு வசூலாகும் வாடகையில் ஒரு சதவீதம் கட்டணம். கட்டிடம் யார் கைக்கு மாறினாலும் இந்த வேலை நிற்காது.

ஜான் எடுத்துக்கொண்ட கட்டுமானப் பிரிவை, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டர் என்ற பெரிய அலுவலக வளாகத்தின் கம்பெனி வாங்கியது. அவர் அதன் கீழ் சில காலம் நடத்திவிட்டு 1980இல் திருப்பி வாங்கிக்கொண்டார். எப்காட் 1982 அக்டோபர் 1இல் திறந்தது. அதே டிஸ்னி வளாகத்தில் ஸ்வான், டால்ஃபின் என்ற இரண்டு பெரிய ஹோட்டல்கள் வந்தன. அவற்றில் டிஷ்மன் கட்டியதோடு நிற்காமல் கூட்டாளியாகவும் இருந்தது. பழைய ஆசை முழுவதுமாகப் போகவில்லை போலும். பிறகு நிர்வாகம் ஜானின் மகன் டான் கைக்கு வந்தது. உலக வர்த்தக மையத்தின் ஏழாம் எண் கட்டிடத்தை 1980களில் கட்டியதும் இவர்கள்தான், அது விழுந்த பின் 2006இல் திறந்த புதியதைக் கட்டியதும் இவர்கள்தான். 541 மீட்டர் உயர ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டரும் அப்படியே.

2010இல் டிஷ்மன் கன்ஸ்ட்ரக்ஷன், ஏஇகாம் என்ற மாபெரும் பொறியியல் நிறுவனத்துக்கு 24.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. எதற்கு விற்றார்கள் என்பதற்கு இந்தத் தொழிலின் ஒரு நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் அரசு வேலை எடுக்கும் கட்டுமானக் கம்பெனி, வேலையை முடிப்பேன் என்பதற்கு ஒரு ஜாமீன் நிறுவனத்திடம் உத்தரவாதப் பத்திரம் வாங்கித் தர வேண்டும். குடும்பக் கம்பெனி என்றால் அந்த ஜாமீன் நிறுவனம் பெரும்பாலும் குடும்பத்தாரின் சொந்தக் கையெழுத்தைக் கேட்கும். வேலை கோடிகளில் வளர வளர, சொந்த வீடு வரை பணயத்தில் நிற்கும். ஐந்நூறு மீட்டர் கோபுரங்கள் கட்டும் அளவுக்குப் போனபின் ஒரு குடும்பத்தின் கையெழுத்து எத்தனை நாளைக்குத் தாங்கும்?

விற்ற பிறகு ஒரு பழைய கறை வெளியே வந்தது. 1999 முதல் 2009 வரை, தொழிலாளர் மேற்பார்வையாளர்கள் வேலை செய்யாத மணி நேரங்களுக்கும் வாடிக்கையாளர்களிடம் பில் போட்டதாக 2015 டிசம்பரில் டிஷ்மன் கன்ஸ்ட்ரக்ஷன் ஒப்புக்கொண்டது. இழப்பீடும் அபராதமுமாக 2 கோடி டாலருக்கும் மேல் கட்ட வேண்டியிருந்தது. நியூயார்க்கின் வேறு சில பெரிய கம்பெனிகளும் இதே போலச் சிக்கின. ஜானின் முறையில் இருந்த ஓட்டை இது என்று நான் நினைக்கிறேன். மொத்தத் தொகை ஒப்பந்தத்தில் கான்ட்ராக்டர் சிமென்ட்டில் கை வைப்பார். ஆன செலவைக் கொடு, எனக்குக் கட்டணம் மட்டும் போதும் என்ற ஒப்பந்தத்தில் அந்தத் திருட்டுக்குத் தேவையே இல்லை. ஆனால் ஆட்களின் மணிக்கணக்கைச் சொந்தக்காரர் எண்ணிப் பார்க்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது கிளை, ராபர்ட்டும் மருமகன் ஜெர்ரியும் 1978இல் தொடங்கிய டிஷ்மன் ஸ்பையர். மகளும் மருமகனும் 1987இல் விவாகரத்து செய்த பிறகும் மாமனார்–மருமகன் கூட்டு முறியவில்லை. சொத்து வைத்திருந்தால் பணம் முடங்கும் என்ற பழைய பாடத்துக்கு இவர்கள் கண்டுபிடித்த பதில்: சொத்து பிறர் பணத்தில் இருக்கட்டும். ஓய்வூதிய நிதிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், வெளிநாட்டு அரசு நிதிகள் பெரும்பணம் போடும். டிஷ்மன் ஸ்பையர் சிறு பங்கு போட்டு, இடம் தேடி, கட்டி, குத்தகைக்கு விட்டு, நிர்வகிக்கும். ஒவ்வொரு படியிலும் கட்டணம். விற்று லாபம் வந்தால் அதில் கூடுதல் பங்கு. பிராங்பர்ட்டில் 257 மீட்டர் மெசெட்டுர்ம், பெர்லினில் சோனி சென்டர், இந்தியாவில் ஹைதராபாத்தின் வேவ்ராக் எல்லாம் இந்த முறையில் வந்தவை. ஒரு காலத்தில் கட்டுமானப் பிரிவை வாங்கிய ராக்ஃபெல்லர் சென்டரையே 1996இல் பலருடன் சேர்ந்து திவாலிலிருந்து மீட்டு, 2000இல் கிரவுன் குடும்பத்தோடு சேர்ந்து 185 கோடி டாலருக்கு வாங்கினார்கள். பழைய 666ஆம் எண் கட்டிடத்தையும் அதே ஆண்டு ஐம்பது கோடி டாலர் அளவில் மீண்டும் வாங்கி, 2007இல் குஷ்னர் குடும்பத்துக்கு 180 கோடிக்கு விற்றார்கள். சந்தை உச்சியில் விற்ற இந்தக் கைக்கு, அதே உச்சியில் வாங்கும் ஆசையும் வந்தது.

2006இல் மன்ஹாட்டனில் ஸ்டைவசன்ட் டவுன், பீட்டர் கூப்பர் வில்லேஜ் என்ற இரட்டைக் குடியிருப்பு ஏலத்துக்கு வந்தது. எண்பது ஏக்கர், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். போர் முடிந்த சமயத்தில் மெட்லைஃப் இன்ஷூரன்ஸ் நடுத்தரக் குடும்பங்களுக்காகக் கட்டியது. ஆசிரியர்கள், நர்சுகள், தீயணைப்புக்காரர்கள் தலைமுறையாக வாழ்ந்த இடம். பெரும்பாலான வீடுகளுக்கு அரசின் வாடகைக் கட்டுப்பாடு. டிஷ்மன் ஸ்பையரும் பிளாக்ராக் என்ற முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 540 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். அதில் 440 கோடி கடன்.

வந்துகொண்டிருந்த வாடகையில் செலவு போக மிஞ்சியது அந்தக் கடனின் வட்டிக்குப் போதவில்லை. பின் எந்தத் தைரியத்தில் வாங்கினார்கள்? கட்டுப்பாட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகும், சந்தை வாடகைக்கு விடலாம் என்ற கணக்கில். காலியாகும் வேகத்தைக் கூட்ட, உண்மையில் இங்கேதான் வசிக்கிறார்களா என்று குடியிருப்பவர்களைத் துப்பறிந்து நோட்டீஸ் அனுப்பினார்கள். குடியிருப்பவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். நகரத்தின் வரிச் சலுகையை வாங்கிக்கொண்டே கட்டுப்பாட்டிலிருந்து வீடுகளை விடுவித்தது சட்டவிரோதம் என்று 2009 அக்டோபரில் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 2008 சரிவும் வந்துவிட்டது. 2010 ஜனவரியில் கடன் தவணை தவறி, மொத்தச் சொத்தையும் கடன்காரர்களிடம் ஒப்படைத்தார்கள்.

ஜூலியஸ் காலத்தில் இப்படி ஒரு அடி விழுந்திருந்தால் குடும்பமே தெருவுக்கு வந்திருக்கும். 2010இல் கலிபோர்னியா அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி 50 கோடி டாலரை இழந்தது. புளோரிடாவின் ஓய்வூதியப் பணம் 25 கோடி போனது. சிங்கப்பூர் அரசு நிதிக்கும் பெரிய நஷ்டம். டிஷ்மன் ஸ்பையர் போட்ட சொந்தப் பணம் இவற்றுக்கு முன் சிறியது. கம்பெனி நிற்கிறது. இன்று அதை நடத்துவது ஜெர்ரியின் மகன் ராப் ஸ்பையர், அம்மா வழியில் ராபர்ட் டிஷ்மனின் பேரன்.

குடியிருப்பவர்களின் கணக்கு தனியாகத் தீர்ந்தது. அதிகமாக வசூலித்த வாடகைக்காக 2012இல் ஏற்பட்ட சமரசத்தில் அவர்களுக்கு ஏறத்தாழ 6.9 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2015இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம், கனடாவின் ஒரு நிதியோடு சேர்ந்து, குடியிருப்பை ஏறக்குறைய பழைய விலைக்கே வாங்கியபோது நகர மேயர் ஒரு நிபந்தனை போட்டார்: ஐயாயிரம் வீடுகள் இருபது வருடத்துக்கு நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில்தான் இருக்க வேண்டும். அந்தக் கெடு 2035 வரை.